சாயத் தண்ணியை தெளிய வைக்கும் தென்னை நார்க்கழிவு! நிறம் போகும், உப்பு போகுமா?

திருப்பூர்:

தென்னை நார்க்கழிவு, நெல் உமி, வாழைத்தண்டு, மக்காச்சோள சக்கை... தோட்டத்திலும் ரோட்டோரத்திலும் குவிந்து கிடக்கும் இந்த பொருட்களைக் கொண்டே சாயக்கழிவு நீரின் நிறத்தை எடுத்து விடலாம் என்று ஆய்வுக்கூடங்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக சொல்லி வருகின்றன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே இது பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன.

அப்படி இருந்தும், பக்கத்தில் இருக்கும் திருப்பூரில் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் 'ஆர்.ஓ.' எந்திரங்களும் ஆவியாக்கும் எந்திரங்களும்தான் ஓடுகின்றன. உமியும் நார்க்கழிவும் ஏன் அந்த வேலைக்கு வரவில்லை? உண்மையிலேயே அவை சாயத்தை பிடிக்குமா? இது பற்றிய விவரம் வருமாறு:-

கலர் கலராக ஓடிய நொய்யல்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். பனியன் தொழில் வளர வளர திருப்பூரில் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைகள் பெருகின. அவற்றின் கழிவு நீர் ஆற்றில் கலந்தது. இன்று சிவப்பு, நாளை நீலம் என்று ஊருக்குள் எந்த கலர் ஆர்டர் ஓடுகிறதோ அந்த கலரில் ஆறும் ஓடியது.

சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 10 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்காக கட்டிய அணை அது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் பெரிய குட்டையாக மாறிப்போனது. 'அந்த தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லும் நிலைக்கு விவசாயிகள் ஆளானார்கள். கிணறுகளில் உப்பு ஏறியது. தென்னை மரங்கள் காய்ப்பு குறைந்தன.

விவசாயிகள் கோர்ட்டுக்கு போனார்கள். சொட்டுக் கழிவு கூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு 2007 ஜூலை 31-ந் தேதிக்குள் மாற வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு கெடு விதித்தது. அதை எதிர்த்து ஆலை அதிபர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள். அங்கும் 2009 அக்டோபரில் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் கழிவு நீர் நிற்காததால், 2011 ஜனவரி 28-ந் தேதி திருப்பூரின் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள், பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அனைத்தையும் மூடும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை இழந்த தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்கு கிளம்பினார்கள்.

சாயத்தண்ணியை சுத்தம் செய்வது எப்படி என்ற கேள்வி, ஆற்றோர விவசாயிக்கும் பட்டறை தொழிலாளிக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்பாட்டு கேள்வியாக மாறியது இப்படித்தான்.

துணியில் ஏறாத சாயம்

வெள்ளை பனியன் துணியில் கலர் ஏற்ற, பெரும்பாலும் 'ரியாக்டிவ்' வகை சாயம் பயன்படுத்தப்படுகிறது. இது பருத்தி நாரோடு ரசாயன முறையில் கைகோர்த்துக் கொள்ளும். அதனால்தான் எத்தனை துவைத்தாலும் கலர் சட்டென்று போவதில்லை.

ஆனால் போடும் சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அப்படி வீணான சாயம் அதன் பிறகு துணியோடு சேராது. அலசும் போது அப்படியே தண்ணீரில் வந்துவிடும்.

ஒரு சின்ன கணக்கு. அடர் நிறத்துக்கு 1 கிலோ துணிக்கு 30 கிராம் சாயம் போடுவதாக வைத்துக் கொள்வோம். அதில் 70 சதவீதம் துணியில் ஏறினால் 21 கிராம். மீதி 9 கிராம் கழிவு நீரில் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்கு கலர் தெரியும். அப்படியானால் 9 கிராம் சாயம் எத்தனை ஆயிரம் லிட்டரை கலராக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

நிறம் என்பது வெறும் கண் கூசும் சமாச்சாரம் மட்டும் இல்லை. கலர் தண்ணீரில் வெயில் உள்ளே இறங்காது. பாசியும் நீர்ச்செடிகளும் வளராது. அவற்றை நம்பி இருக்கும் மீன் முதல் புழு வரை பாதிக்கும். 'அசோ' வகை சாயங்களில் சில, சிதையும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களாக மாறும். அப்படிப்பட்ட அசோ சாயங்களுக்கு மத்திய அரசு 1990-களிலேயே தடை போட்டுவிட்டது.

ஒட்ட வைக்கும் வித்தை

சரி, இதில் நார்க்கழிவுக்கும் உமிக்கும் என்ன வேலை?

பஞ்சு தண்ணீரை குடிப்பது போல இவை சாயத்தை குடிப்பதாக பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இங்கே நடப்பது 'பரப்புக் கவர்தல்'. அதாவது சாயத்தின் மூலக்கூறுகள் அந்த பொருளின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக் கொள்கின்றன. சுவரில் தூசு படிவது மாதிரி. சுவர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூசு படியும்.

எனவே பரப்பு அதிகம் உள்ள பொருள்தான் இந்த வேலைக்கு லாயக்கு. தேங்காய் தொட்டியை கரியாக்கி, அதை மேலும் பக்குவப்படுத்தினால் கிடைப்பது 'ஆக்டிவேட்டட் கார்பன்'. இதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். நல்ல ரகமாக இருந்தால் 1 கிராம் கரிக்குள் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம்மூர் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். ஒரு கிராம் கரிக்குள் கால் ஏக்கர் நிலம்!

குடிநீர் பில்டரில் இருப்பதும் இதே கரிதான். ஆனால் விலை அதிகம். லட்சக்கணக்கான லிட்டர் சாயத்தண்ணிக்கு இதை கொட்டிக் கொண்டே இருந்தால் கட்டுபடி ஆகாது. அதனால்தான் 'சும்மா கிடக்கும் விவசாயக்கழிவில் இருந்து இதே கரியை செய்தால் என்ன?' என்ற யோசனை வந்தது.

கோவையில் நடந்த ஆய்வு

இந்த துறையில் உலக அளவில் பேசப்படும் பெயர்களில் ஒன்று பாரதியார் பல்கலைக்கழக பேராசிரியர் சி.நமசிவாயம். அவரும் அவரது மாணவர்களும் 1990-களில் இருந்தே வாழைத்தண்டு, ஆரஞ்சு பழத்தோல், தென்னை நார்க்கழிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து சாயத்தை பிடிக்குமா என்று சோதித்தார்கள்.

2003-ம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில் இலவம்பஞ்சு காய் ஓடு, தென்னை மரத்தூள், ஜவ்வரிசி ஆலைக்கழிவு, மக்காச்சோள சக்கை, வாழைத்தண்டு ஆகிய ஐந்தில் இருந்தும் கரி செய்து, சாயங்களையும் உலோகக் கழிவுகளையும் நீக்கிக் காட்டினார்கள். ஐந்துமே கொங்கு மண்டலத்திலும் சேலம் பக்கத்திலும் மலிவாக கிடைக்கும் பொருட்கள்.

இவற்றில் தென்னை நார்க்கழிவுக்கு தனி இடம் உண்டு. தேங்காய் மட்டையில் இருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் பொடி இது. லிக்னின் என்ற பொருள் அதிகம் இருப்பதால் லேசில் மக்காது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் நார் மில்கள் அருகே மலை மாதிரி குவிந்து கிடந்த காலம் உண்டு. ஒரு கழிவை வைத்து இன்னொரு கழிவை சுத்தம் செய்யலாம் என்பதுதான் அந்த ஆய்வுகளின் கவர்ச்சி.

தயாரிப்பது எப்படி?

பச்சையாக அப்படியே அள்ளிப் போட்டால் சரி வராது. நார்க்கழிவையோ மரத்தூளையோ தண்ணீரில் போட்டதுமே அதில் இருந்து பழுப்பு நிறச் சாறு இறங்கும். சாயத்தை எடுக்கப் போன இடத்தில் புதுக்கறை சேர்ந்த கதையாகிவிடும். அதனால் முதலில் பக்குவப்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ரசாயன பக்குவம். கழிவை சலித்து, கழுவி, காய வைத்து, பிறகு அமிலத்திலோ காரத்திலோ ஊற வைப்பார்கள். கறை இறங்கும் பொருட்கள் வெளியேறிவிடும். உமியில் மணல் சத்தான சிலிக்கா அதிகம். காரத்தில் ஊற வைத்தால் அது கரைந்து, உள்ளே உள்ள பரப்பு திறந்து கொள்ளும்.

இரண்டாவது வழி, கரியாக்குவது. காற்று புகாத உலையில் சூடேற்ற வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊற வைத்த கழிவு என்றால் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் போதும். ரசாயனம் இல்லாமல் நீராவி கொண்டு செய்வதென்றால் 800 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இதில்தான் துளைகள் பிறக்கின்றன. கடைசியில் கழுவி, காய வைத்து, ஒரே அளவு துகள்களாக சலித்து எடுப்பார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஊற வைத்த அமிலத்தையும், கழுவிய தண்ணீரையும் எங்கே விடுவது? துத்தநாக குளோரைடு போட்டு கரி செய்தால் அந்த கழுவு நீரே ஒரு கழிவு. மூடாத குழியில் தொட்டிக்கரி சுட்டால் எழும் புகை என்ன பாடு படுத்தும் என்று காங்கயம் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'இயற்கைப் பொருள்' என்பதாலேயே தயாரிப்பும் சுத்தமாகி விடாது.

பாசிட்டிவ், நெகட்டிவ் தகராறு

ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த பொருள் பட்டறையில் தோற்பதற்கு முக்கிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுத்தப்படும் சாயம் 'மெத்திலீன் புளூ'. தண்ணீரில் கரைந்தால் இது பாசிட்டிவ் மின்சுமையோடு இருக்கும். உமி, நார்க்கழிவு, மரத்தூள் ஆகியவற்றின் மேற்பரப்போ தண்ணீரில் பெரும்பாலும் நெகட்டிவ். எதிரெதிர் சுமைகள் ஒன்றையொன்று இழுக்கும். எனவே மெத்திலீன் புளூ சுலபமாக ஒட்டிக் கொள்ளும். கண் முன்னாலேயே தண்ணீர் தெளியும். பார்க்க பிரமாதமாக இருக்கும்.

திருப்பூரில் ஓடுவது ரியாக்டிவ் சாயம் ஆச்சே! அது தண்ணீரில் நெகட்டிவ் சுமையோடு இருக்கும். நெகட்டிவும் நெகட்டிவும் விலக்கிக் கொள்ளும். அதனால் மெத்திலீன் புளூவை 90 சதவீதம் பிடிக்கும் பொருள் ரியாக்டிவ் சாயத்திடம் தடுமாறிப் போகலாம்.

இதற்கும் மாற்று வழி உண்டு. ஒன்று, தண்ணீரில் அமிலம் சேர்த்து அமிலத்தன்மைக்கு கொண்டு வருவது. அப்போது பரப்பின் சுமை மாறி நெகட்டிவ் சாயம் ஒட்டும். தென்னை நார்க்கழிவு கரி 'காங்கோ ரெட்' என்ற நெகட்டிவ் சாயத்தை அமிலத் தன்மையில்தான் நன்றாக பிடித்தது என்று 2002-ல் வெளியான கோவை ஆய்வும் சொல்கிறது. ஆனால் சோடா உப்பு போட்டு சாயம் ஏற்றுவதால் பட்டறைக் கழிவு நீர் காரமாக இருக்கும். அதை அமிலமாக்க நிறைய அமிலம் ஊற்ற வேண்டும். காரமும் அமிலமும் சேர்ந்தால் பிறப்பது உப்பு!

இன்னொன்று, கழிவுப் பொருளின் மேலேயே பாசிட்டிவ் சுமை உள்ள அமோனியம் வகை ரசாயனத்தை ஏற்றிவிடுவது. இப்படி மாற்றிய உமியும் நார்க்கழிவும் ரியாக்டிவ் சாயத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் கழிவு நீரில் உப்பு அதிகமாக இருந்தால், சாயம் உட்கார வேண்டிய இடத்தில் உப்பின் நெகட்டிவ் அயனிகள் வந்து உட்கார்ந்து கொள்ளும். பிடிமானம் குறைந்துவிடும். சாதாரண கரியில் இதற்கு நேர் மாறாக, உப்பு இருந்தால் சாயம் இன்னும் நன்றாக ஒட்டுவதும் உண்டு. எனவே உண்மையான பட்டறை தண்ணீரில் சோதிக்காமல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

லட்சம் லிட்டருக்கு எத்தனை கிலோ?

அடுத்தது அளவு கணக்கு. ஒரு கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் சாயத்தை பிடிக்கும் என்பதுதான் இதில் முக்கியமான எண்.

லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் உள்ள 1 லட்சம் லிட்டர் கழிவு நீர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதில் உள்ள மொத்த சாயம் 10 கிலோ. நம் கரி கிராமுக்கு 50 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் 200 கிலோ கரி வேண்டும். பரவாயில்லை என்று தோன்றும்.

ஆனால் 2002-ம் ஆண்டு ஆய்வில் காங்கோ ரெட் சாயத்தை நார்க்கழிவு கரி பிடித்த அளவு கிராமுக்கு 6.7 மில்லிகிராம்தான். அந்த கணக்கில் போனால் அதே 10 கிலோ சாயத்துக்கு சுமார் 1,500 கிலோ கரி தேவைப்படும். ஒன்றரை டன்! அதுவும் ஒரு நாளைக்கு, ஒரு லட்சம் லிட்டருக்கு. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவதோ தினமும் பல பத்து லட்சம் லிட்டர்.

'95 சதவீதம் சாயம் நீங்கியது' என்ற செய்தியை மட்டும் படித்தால் இது தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி கரியை போட்டால் எந்த கரியும் 95 சதவீதம் நீக்கத்தான் செய்யும். எவ்வளவு கரிக்கு எவ்வளவு சாயம் என்பதே கேள்வி.

உப்பு மட்டும் சிக்காது

இதையெல்லாம் தாண்டி விட்டதாகவே வைத்துக் கொள்வோம். தண்ணீர் பளிச்சென்று தெளிந்து விட்டது. 'கலர்தான் போயிருச்சே, அப்புறம் என்ன, ஆத்துல விட வேண்டியதுதானே?' என்று கேட்கத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற வேண்டுமானால் உப்பு போட்டே ஆக வேண்டும். பருத்தியும் நெகட்டிவ், சாயமும் நெகட்டிவ் என்பதால் இரண்டையும் நெருங்க வைக்க உப்புதான் தரகர். 1 கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால் 400 கிராம் உப்பு. வேலை முடிந்ததும் தரகர் துணியோடு போவதில்லை. கிட்டத்தட்ட முழு உப்பும் கழிவு நீருக்கு வந்துவிடும்.

கரியாகட்டும், உமியாகட்டும், சாதாரண உப்பை பிடிக்காது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமை தாண்டக்கூடாது என்பது மாசு கட்டுப்பாட்டு விதி. நிறம் நீக்கிய சாயத்தண்ணியில் உப்பு பல ஆயிரம் மில்லிகிராம் அப்படியே இருக்கும்.

நொய்யல் கரை நிலத்தை கெடுத்ததில் பெரும் பங்கு இந்த உப்புக்குத்தான். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சோடியம் சேரச் சேர களிமண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். கலர் தண்ணீர் வந்தால் விவசாயி உஷாராகி மோட்டாரை நிறுத்தி விடுவார். தெளிந்த உப்புத் தண்ணீர் வந்தால் தெரியாமல் பாய்ச்சி விடுவார். பயிர் கருகிய பிறகுதான் விஷயம் புரியும்.

திருப்பூரில் ஆர்.ஓ. எந்திரங்கள் வந்தது இதனால்தான். பொது சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர் மூலம் கழிவை சிதைத்து, மீதி நிறத்தை நீக்கி, பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக நல்ல தண்ணீரை பிரிக்கிறார்கள். அது பட்டறைக்கே திரும்பிப் போகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புத் தண்ணீரை சாயம் ஏற்றவே மறுபடி பயன்படுத்துகிறார்கள், அல்லது ஆவியாக்கி உப்பை தனியாக எடுக்கிறார்கள். 2011-ல் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, இந்த வசதிகளை முடிக்க தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லா கடன் கொடுத்தது.

நீங்களே செய்து பார்க்கலாம்

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதை சுலபமாக சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பும் இரண்டு சொட்டு பேனா மையும் கலக்க வேண்டும். மீன் தொட்டி கடைகளில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பனை கழுவி, இரண்டு மூன்று ஸ்பூன் போட்டு, அவ்வப்போது கலக்கியபடி சில மணி நேரம் விட வேண்டும். பிறகு வடிகட்டினால் நீல நிறம் நன்றாக குறைந்திருக்கும்.

அந்த தண்ணீரை தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் தட்டு முழுக்க உப்பு வெள்ளையாக பூத்து நிற்கும். (அந்த தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.)

பிடித்த சாயம் எங்கே போகும்?

பரப்புக் கவர்தல் முறையில் சாயம் அழிவதில்லை. தண்ணீரில் இருந்து கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கரியின் இடமெல்லாம் நிரம்பியதும் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். அதை கவனிக்காமல் விட்டால் கலர் மறுபடி வெளியே வரும்.

நிரம்பிய கரியை உலையில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரி வீணாகும். மலிவான நார்க்கழிவு கரிக்கு அந்த செலவு கட்டாது என்று தூக்கிப் போடத்தான் தோன்றும். ஆனால் சாயம் ஏறிய கரியும் கழிவும் சாதாரண குப்பை கிடையாது. 2016-ம் ஆண்டு அபாயகர கழிவு விதிகளின்படி கையாள வேண்டியவை. சிமெண்டு ஆலை சூளையில் எரிப்பது, பாதுகாப்பான குழியில் மூடுவது போன்ற முறைகள்தான் உண்டு. 'நார்க்கழிவு தானே, தோட்டத்துக்கு உரமாக போடலாம்' என்று நினைத்தால் ஆற்றில் விட்ட சாயம் தோட்டத்துக்கே வந்து சேரும்.

இதில் திருப்பூருக்கு ஏற்கனவே பட்ட அனுபவம் உண்டு. ஆரம்ப காலத்தில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு சாயத்தை படிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. ஆனால் படிந்த கசடு மூட்டை மூட்டையாக பட்டறைகளில் தேங்கி, அதை என்ன செய்வது என்பதே தனி பிரச்சினையாக வெடித்தது.

கழிவும் இன்று காசு

'சும்மா கிடக்கும் கழிவு' என்ற நிலையும் மாறிவிட்டது. தென்னை நார்க்கழிவை கழுவி, கட்டிகளாக அழுத்தி, செடி வளர்க்க வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். உமி அரிசி ஆலை பாய்லருக்கும், செங்கல் சூளைக்கும் போகிறது. தேங்காய் தொட்டிக்கு கரி கம்பெனிகள் போட்டி போடுகின்றன. எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அத்துடன் லாரி வாடகை, அமிலம், உலை, கழுவும் தண்ணீர், கடைசியில் அபாயகர கழிவை அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

அப்படியானால் பயனே இல்லையா?

பயன் உண்டு. ஆனால் தனி ஆளாக அல்ல, கூட்டாளியாக.

ஆர்.ஓ. சவ்வு நுட்பமானது. சாயமும் மற்ற ரசாயனங்களும் படிந்தால் அடைத்துக் கொள்ளும், ஆயுள் குறையும். அதற்கு முன்னால் மிச்சம் மீதி நிறத்தை எடுக்க மலிவான கரி இருந்தால் சவ்வு தப்பிக்கும். அதே போல, உப்புத் தண்ணீரை மறுபடி சாயம் ஏற்ற பயன்படுத்தும்போது அதில் பழைய சாயம் இருந்தால் துணியின் ஷேடு மாறிவிடும். அந்த இடத்தில் நிறத்தை மட்டும் எடுத்து உப்பை விட்டுவைக்கும் பொருள்தான் தேவை! கரி உப்பை பிடிக்காது என்ற குறை, இங்கே நிறைவாக மாறுகிறது.

உப்பு குறைவாக பயன்படும் தொழில்களுக்கும் இது பொருந்தும். மெத்திலீன் புளூ போன்ற பாசிட்டிவ் வகை சாயம் அதிகம் உள்ள கழிவு நீருக்கு பக்குவப்படுத்திய உமியே போதுமானதாக இருக்கலாம்.

உப்பை மூலத்திலேயே குறைப்பது இன்னொரு பாதை. உமியின் மேல் பாசிட்டிவ் சுமை ஏற்றுகிறார்களே, அதே வித்தையை பருத்தித் துணியின் மேலேயே செய்தால், உப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ சாயம் ஏறும். குறைந்த உப்பில் ஏறும் சாய வகைகளும் வந்துள்ளன. இவை பரவலானால் கழிவு நீரின் உப்பு சுமை குறையும்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

'சாயக்கழிவை சுத்தம் செய்யும் புது பொடி கண்டுபிடிப்பு' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. பட்டறை அதிபர்களிடம் விற்கவும் வருகிறார்கள். அப்போது இந்த 5 கேள்விகளை கேட்டுப் பார்க்கலாம்:-

1. எந்த சாயத்தில் சோதித்தார்கள்? மெத்திலீன் புளூவிலா, ரியாக்டிவ் சாயத்திலா?

2. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்த சாயமா, பட்டறையில் இருந்து எடுத்த உண்மையான கழிவு நீரா?

3. ஒரு கிலோ பொடி எத்தனை கிராம் சாயத்தை பிடிக்கும்? எத்தனை நாளில் நிரம்பும்?

4. சுத்தம் செய்த பிறகு தண்ணீரில் உப்பு எவ்வளவு?

5. நிரம்பிய பொடியை யார் எடுத்துப் போவார்கள், எங்கே கொண்டு போய் என்ன செய்வார்கள்?

ஐந்துக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்த பொடியை சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கலாம். நான்காவது கேள்விக்கு மட்டும் ஆற்றோர விவசாயிகளே தங்கள் கையால் பதில் தேடிக் கொள்ள முடியும். கரைந்த உப்பை அளக்கும் 'டி.டி.எஸ். மீட்டர்' இப்போது பேனா அளவில், சில நூறு ரூபாய்க்கே கடைகளில் கிடைக்கிறது. கிணற்றிலும் வாய்க்காலிலும் மாதம் ஒரு முறை அளந்து தேதியோடு எழுதி வைத்தால், அளவு திடீரென ஏறும்போது உடனே தெரியும். தெளிந்த தண்ணீர் என்றாலும் மோட்டாரை போடும் முன் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது.